மஞ்சள் மலைப் பிரயாணம்

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சீன தேசத்துக்குப் போகிறாரென்றால் அதற்குத் தக்க காரணம் ஏதாவது இருக்க வேண்டுமென்று ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். "ஏதாவது மாநாடா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர். "வியாபாரமா?" என்று கேட்டார் அடுத்த வீட்டுக்காரர். "மலை ஏறப் போகிறோம்" என்று நாம் தெரிவித்ததும், அவ்விருவரும் தனித்தனியே, ஆனால் ஒரே விதமாக, நம்முடைய வயிற்றை ஒரு தடவை பார்த்தார்கள். வீட்டில் எழுந்த கேள்வி இன்னும் நியாயமானது: "மலை ஏறத்தான் வேண்டுமென்றால் பழனி எங்கே போயிற்று?"

இதற்கெல்லாம் நம்மிடம் இருந்த உண்மையான பதில் ஒன்றே ஒன்றுதான். நண்பர் கூப்பிட்டார்.

நண்பரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரும் நாமும் ஒரே கிராமம், ஒரே தெரு, எட்டாம் வகுப்பு வரையில் ஒரே பெஞ்சு. 1990-ஆம் வருஷம், அவருக்குப் பதின்மூன்று வயது நிறைந்த கோடை விடுமுறையில், அவருடைய தகப்பனார் அவரைப் பம்பாய்க்கு ரெயிலேற்றிவிட்டார். மஸ்ஜித் பந்தர் பக்கத்தில் உறவினர் ஒருவரின் கடையில் வேலை. நாம் ஊரிலேயே தங்கி, காலேஜுக்குப் போய், எம்.ஏ. பட்டம் பெற்று, சரித்திர ஆசிரியரானோம். அவர் மூட்டை சுமந்து, பேரேடு எழுதி, கடைசியில் சொந்தக் கடை வைத்தார். பொத்தான், ஜிப்பு, கண்ணாடி மணி, பெண் குழந்தைகள் தலையில் மாட்டிக்கொள்ளும் கிளிப்பு முதலியவை அவருடைய சரக்குகள். இவற்றை மொத்தமாக வாங்குவதற்காக வருஷத்துக்கு இரண்டு தடவை சீனாவின் யீவூ நகருக்குப் போவது அவர் வழக்கம். யீவூ என்பது 70,000-க்கு மேற்பட்ட கடைகள் கொண்ட மகா சந்தை. உலகத்திலுள்ள பொத்தான்களெல்லாம் சட்டையில் ஏறுவதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும் என்பது நண்பருடைய சித்தாந்தம்.

2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் இரவு டெலிபோனில் பேசினார். "பதினைந்து வருஷமாய்ச் சீனாவுக்குப் போய் வருகிறேன், வாத்தியாரே! சந்தை, கிடங்கு, ஹோட்டல் அறை, இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை. அந்தப் பக்கத்தில் பெரிய மலை ஒன்று இருக்கிறதாம். மே மாதம் சரக்கு எடுத்த பிறகு ஏழு நாள் கையில் இருக்கிறது. தனியாகப் போனால் எனக்கு என்ன தெரியும்? நீ வந்தால் கதை சொல்லுவாய்" என்றார்.

நிபந்தனைகளும் அவரே விதித்தார். பெட்டி கூடாது, ஆளுக்கொரு முதுகுப் பை. வாடகைக் கார் கூடாது. ரெயில், பஸ், கால். பெரிய ஹோட்டல் கூடாது. படுக்க இடம் கிடைத்தால் போதும். நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று நாம் கேட்கவில்லை. நம்முடைய பை ஒன்பது கிலோ இருந்தது. அதில் மூன்று கிலோ புத்தகம்.

கோலாலம்பூர் வழியாக ஹாங்சௌ நகரில் போய் இறங்கினோம். நண்பர் யீவூவிலிருந்து வந்து கிழக்கு ரெயில் ஸ்டேஷனில் காத்திருந்தார். இரண்டு மாதமாக நாம் மொட்டை மாடியில் உலாவிக்கொண்டு சீன பாஷை பயின்றிருந்தோம். அந்தப் பாஷையில் ஒவ்வோர் அசைக்கும் நான்கு சுரங்கள் உண்டு; சுரம் தப்பினால் அர்த்தம் தப்பிவிடும். டிக்கெட் ஜன்னலில் நாம் சிரத்தையுடன் ஒரு வாக்கியத்தைப் பாடி முடித்ததும், அங்கிருந்த பெண் மிகுந்த மரியாதையுடன் இங்கிலீஷில், "தயவு செய்து இங்கிலீஷில் பேசுங்கள்" என்றாள். நண்பருக்குத் தெரிந்த சீனம் எண்களும், "என்ன விலை?" என்பதும், "அதிகம்" என்பதும்தான். பிரயாணம் முழுவதும் எங்களுக்குச் சோறு போட்டது அந்தச் சீனமே.

ஹாங்சௌவிலிருந்து ஹுவாங்ஷானுக்குப் போகும் 287 கிலோமீட்டர் அதிவேக ரெயில் பாதை 2018-ஆம் வருஷம் டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே ஆறும், மலையும், தேயிலைத் தோட்டமும், வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாகச் சிறு கிராமங்களும் வந்து வந்து மறைந்தன. மறைவதென்றால் குகைகளுக்குள் ரெயில் நுழைந்துவிடுவதால் மறைவது. அந்தப் பாதையில் குகைகள் அவ்வளவு. முற்காலத்தில் இந்த மலைகளைக் கடந்து ஹாங்சௌ சேர்வதற்கு ஆற்றில் படகேறிப் பல நாள் போக வேண்டும். நாங்கள் இரண்டு மணிக்குள் போய் இறங்கினோம்.

அன்றிரவு மலையடிவாரத்துத் தங்கௌ ஊரில் தங்கினோம். நாம் சைவம் என்பதை நண்பர் ஏதோ சைகையால் தெரிவித்ததில், தட்டில் வந்தது அந்தச் சீமையின் பிரசித்தி பெற்ற ரோமத் தோஃபூ. சோயாப் பால் கட்டியைப் பூஞ்சை பூக்கும்படி வைத்திருந்து, வெள்ளை ரோமம் முளைத்த பிறகு எண்ணெயில் பொரிக்கிறார்கள். பார்ப்பதற்கு முயல் குட்டிபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டோம். பிறகு கண்ணைத் திறந்து இன்னொரு தட்டுக் கேட்டோம் என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மமல்ல.

* * *

ஹுவாங்ஷான் என்றால் மஞ்சள் மலை. மலை மஞ்சளாக இல்லை; கருத்த கருங்கல் மலை. சீனர்களின் ஆதி அரசராகிய மஞ்சள் சக்கரவர்த்தி இங்கே அமிர்தம் காய்ச்சினார் என்ற ஐதிகத்தை வைத்து, கி.பி. 747-இல் அரசாங்க உத்தரவின்படி இந்தப் பெயர் வந்தது. 1,800 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் மூன்று. நம் நீலகிரியின் தொட்டபெட்டாவைவிட உயரத்தில் குறைவுதான். ஆனால் தொட்டபெட்டாவின் உச்சிவரை கார் போகும். இங்கே படிதான். மலை முழுவதிலுமாக 60,000 படிகளுக்கு மேல் வெட்டியிருக்கிறார்களென்று சொல்கிறார்கள். பழனிக்கு 693 படி.

ரோப்கார் இருக்கிறது, 1986-ஆம் வருஷத்திலிருந்து இருக்கிறது. அதை நாங்கள் பார்த்தோம். நண்பர் அதன் கட்டணத்தையும் பார்த்தார். "நடப்போம்" என்றார்.

கிழக்குப் படி வழி சுமார் ஏழரைக் கிலோமீட்டர். மூங்கில் காட்டில் ஆரம்பிக்கிறது. முதல் அரை மணி நேரம் நாம் சரித்திரம் சொல்லிக்கொண்டே ஏறினோம். இரண்டாவது அரை மணி நேரம் வாக்கியங்கள் சிறுத்துக்கொண்டு வந்தன. மூன்றாவது அரை மணியில் மிங் வம்சம் பாதியில் நின்றுபோயிற்று. அப்பொழுதுதான் எங்களுக்குப் பின்னால், "ஹோ" என்று ஒரு சத்தம் கேட்டது. ஒதுங்கி நின்றோம்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் தோளில் காவடியுடன் ஏறி வந்தார். காவடியென்று சொல்வது உபசாரத்துக்காக அல்ல. மூங்கில் தண்டு, இரு நுனியிலும் சுமை, ஒரு பக்கத்தில் அரிசி மூட்டை, மறு பக்கத்தில் எண்ணெய் டின்களும் முட்டைக்கோசும். மலை உச்சியில் ஹோட்டல்கள் இருக்கின்றனவல்லவா? அவற்றுக்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் இப்படித் தோள்மேல் ஏறிப் போகின்றன. அழுக்குப் படுக்கை விரிப்புகள் இதே தோள்மேல் இறங்கி வருகின்றன.

அவர் கையில் ஒரு தடியும் இருந்தது. நடக்கும்போது அதை மற்றத் தோளின்மேல் வைத்துக் காவடித் தண்டின் அடியில் கொடுத்து நெம்புகிறார். பாரம் இரு தோளுக்கும் பங்காகிவிடுகிறது. இளைப்பாற வேண்டுமானால் சுமையைக் கீழே இறக்குவதில்லை. தடியைப் படியில் ஊன்றி, அதன்மேல் காவடித் தண்டை நிறுத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நம் நாட்டுச் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறோம். இவர் சுமைதாங்கியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போகிறார்!

"கீழே வைத்தால் என்ன?" என்று நாம் நண்பரைக் கேட்டோம்.

"கீழே வைத்தால் திரும்பத் தூக்குவதற்கு இன்னொருத்தன் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் சுமையை இறக்கக் கூடாது. முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்" என்றார் நண்பர். அவருக்கு அது எந்த ஊரில், எந்த வயதில் தெரிந்ததென்று நாம் கேட்கவில்லை.

பிறகு அவர் தமக்குத் தெரிந்த எண்-சீனத்தில் அந்த மனிதரிடம் ஏதோ விசாரித்தார். அவர் விரல்களை மடக்கி நீட்டினார். "நூற்றுப் பத்து ஜின். பாதியாக்கு. ஐம்பத்தைந்து கிலோ" என்று நண்பர் மொழிபெயர்த்தார். சீனர்களின் ஜின் என்பது அரைக் கிலோ. நம்முடைய ஒன்பது கிலோவை இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் சற்றுக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டோம், வெட்கம் தெரியாமல் இருப்பதற்காக.

அதற்கு மேல் ஏறுவது நமக்கே வியப்பாக, சற்று இலேசாகிக்கொண்டு வந்தது. "அப்யாசம்தான் காரணம். உடம்பு மலைக்குப் பழகிவிட்டது" என்று நண்பரிடம் சொன்னோம். "இருக்கும்" என்றார்.

ஒரு திருப்பத்தில் ஓர் அம்மாள் வெள்ளரிக்காயும் தக்காளியும் விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு வெள்ளரிக்காய் எடுத்துக்கொண்டு ஒரு நூறு யுவான் நோட்டை நீட்டினோம். அம்மாள் நோட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு தன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். அதில் கறுப்புச் சதுரங்களாலான அந்தக் கோலம் அச்சிட்டிருந்தது. எல்லோரும் டெலிபோனை அதன்முன் நீட்டிப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்; சில்லறை என்பதே அவளிடம் இல்லை. எங்கள் டெலிபோன்களில் சீன பாங்கிக் கணக்கு இல்லை. காகிதப் பணத்தை உலகத்துக்கு முதன்முதலில் கொடுத்த தேசம் அது என்று வகுப்பில் வருஷந்தோறும் சொல்லிக்கொடுக்கும் நாம், அந்தத் தேசத்தின் மலையில் காகிதப் பணத்துடன் வெள்ளரிக்காய் வாங்க முடியாமல் நின்றோம். பின்னால் வந்த ஒரு கல்லூரி மாணவன் தன் டெலிபோனை நீட்டிக் கணக்கைத் தீர்த்தான். அவன் பணம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். நண்பருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கடன் வைத்துப் பழக்கமில்லை அவருக்கு.

மேலே எட்டுக் கட்டில்கள் போட்ட பொது அறையில் இடம் கிடைத்தது. இரவு படிப்பதற்காகப் பையைத் திறந்தோம். மூன்று புத்தகங்களில் ஒன்றுதான் இருந்தது. தண்ணீர்ப் புட்டியும் இல்லை. திகைத்துப்போய்த் திரும்பினால், எதிர்க் கட்டிலில் நண்பர் தம்முடைய பையிலிருந்து நம் புத்தகங்கள் இரண்டையும் எடுத்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். காலையில் வெள்ளரிக்காய்க் கடையருகே நாம் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது மாற்றியிருக்கிறார். "அப்யாசம்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

* * *

சூரியோதயம் பார்ப்பதற்காக விடியற்காலை நாலரை மணிக்கே நூற்றுக்கணக்கானவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். ஹோட்டல்காரர்கள் கொடுத்த தடித்த கோட்டுகளை மாட்டிக்கொண்டு பாறை விளிம்பில் போய் நின்றோம். ஐந்து மணிக்கு எதிரில் ஒன்றும் இல்லை. ஐந்தரைக்கும் ஒன்றும் இல்லை. பாலில் முக்கிய துணிபோல் ஒரே வெண்மை. கூட்டம் கலைய ஆரம்பித்தது. வாசலில் அன்று காலை டிபன் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றி நாமும் யோசித்தோம். "வந்தது வந்தோம், நிற்போம்" என்றார் நண்பர்.

ஆறு மணி சுமாருக்கு, நாடக மேடையில் திரை நடுவில் கிழிந்தாற்போல், அந்த வெண்மை பிளந்தது. முதலில் ஒரே ஒரு பாறை. அதன் உச்சியில் குடை பிடித்தாற்போல் தட்டையாகக் கிளை விரித்த ஒரு பைன் மரம். பிறகு அதற்குப் பின்னால் இன்னொரு பாறை. பிறகு பத்து, இருபது. எல்லாவற்றின் இடுப்பு வரையில் மேகம். மேகம் சும்மா இருக்கவில்லை. அலை மோதி, பாறைமேல் ஏறி, அந்தப் பக்கம் வழிந்து விழுந்தது. இந்த மலையில் இடங்களுக்கெல்லாம் வட கடல், மேற்குக் கடல், வானக் கடல் என்று பெயர் வைத்திருப்பதைப் பூகோள வரைபடத்தில் பார்த்துச் சிரித்திருந்தோம். சிரித்தது தப்பு. சமுத்திரத்தைக் காணாத உள்நாட்டு ஜனங்கள் வைத்த பெயரல்ல அது. கண்ணால் கண்டதைச் சொன்ன பெயர்.

சீனச் சித்திரங்களில் மலைகள் ஆகாசத்தில் மிதப்பதையும், மரங்கள் மண்ணில்லாமல் பாறையில் முளைத்திருப்பதையும் பார்த்து, சித்திரக்காரர்களின் கற்பனை என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அந்த வருஷத்து மாணவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பைன் மரங்கள் உண்மையிலேயே கல் வெடிப்பில்தான் வேர் விட்டிருக்கின்றன.

காட்சி பத்து நிமிஷத்துக்கு மேல் நீடிக்கவில்லை. திரை மறுபடி மூடிக்கொண்டது. நண்பர் டெலிபோனில் படம் எடுக்க மறந்துபோனார். நாம் எடுத்த படத்தில் நம்முடைய கட்டை விரல் நன்றாக விழுந்திருக்கிறது.

இறங்குவதற்கு மேற்குப் படி வழி. ஏறுவதைவிட இறங்குவது சுலபம் என்று எழுதிய புத்தகங்களை எழுதியவர்கள் முழங்கால் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஆகாயம் ஒரு கோடாகத் தெரியும் இடுக்கு ஒன்று. அதை ஒட்டி மேகத்துக்குள் இறங்கும் செங்குத்துப் படிகள். நமது கால்கள் நம்மைக் கேளாமலே தந்தியடித்தன. பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். உட்கார்ந்த இடத்திலெல்லாம், கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, ஷூ ஷியாகேயின் கதையைச் சொன்னோம்.

ஷூ ஷியாகே 1587-இல் பிறந்தவர். உத்தியோகம் தேடாமல் முப்பது வருஷத்துக்கு மேல் சீன தேசத்தின் மலைகளையும் நதிகளையும் நடந்து பார்த்து, தினந்தோறும் குறிப்பு எழுதி வைத்தவர். மஞ்சள் மலைக்கு 1616-இல் ஒரு தடவையும் 1618-இல் ஒரு தடவையும் வந்தார். முதல் தடவை வந்தபோது உறைபனி. கைத்தடியால் பனிக்கட்டியில் ஒரு குழி குத்தி, அதில் முன் காலை வைத்து, இன்னொரு குழி குத்திப் பின் காலை நகர்த்தி ஏறினாராம். பெற்றோர் உயிருடன் இருக்கையில் தூரப் பிரயாணம் போகலாகாதென்பது அந்நாட்டுப் பழைய தர்மம். அதனால் அவர் தயங்கியபோது, விதவையான அவருடைய தாயாரே தைரியம் சொல்லி அனுப்பி வைத்தார்.

நண்பர் அதுவரையில் சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், "எங்க அம்மாவை யாரும் கேட்கவே இல்லை" என்றார். சொல்லிவிட்டு எழுந்து நான்கு படி முன்னால் போய்விட்டார்.

விருந்தினரை வரவேற்கும் பைன் மரமென்று பெயர் பெற்ற மரத்தின் அருகில் பெருங்கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கிளையைக் கை நீட்டுவதுபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக் காவல் காப்பதற்கென்றே ஓர் உத்தியோகஸ்தர் உண்டு. நாங்கள் அதைக் கடந்து இறங்கினோம்.

* * *

மலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பிரயாணம் செய்தால் ஹோங்சுன் என்ற பழைய கிராமம். வாங் என்னும் குலத்தார் 12-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஊர். ஊரையே ஒரு மாட்டின் உருவத்தில் அமைத்திருக்கிறார்களென்பது பிரசித்தம். பின்னாலுள்ள குன்று தலை, அங்குள்ள பெரிய மரங்கள் கொம்பு, பாலங்கள் கால்கள், ஊர் நடுவிலுள்ள அரைச் சந்திரக் குளம் வயிறு, வீட்டுக்கு வீடு வாசலோரமாக ஓடும் வாய்க்கால் குடல். நமக்கு மாடு தெரியவில்லை. வாய்க்கால் தெரிந்தது. சுமார் அறுநூறு வருஷமாகத் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கிழவி அதில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். அந்தக் குளத்தை முழு வட்டமாக்காமல் அரை வட்டமாக விட்டதற்குக் காரணம், பூரண சந்திரன் மறு நாளே தேய ஆரம்பித்துவிடும் என்பதாம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் தங்கிய வீடு அந்தச் சீமைக்கே உரிய பழைய மாதிரி. வெளியே உயரமான வெள்ளைச் சுவர். ஜன்னல் மிகச் சிறிது. உள்ளே நுழைந்தால் நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கத்து ஓடுகளும் உட்புறம் சாய்ந்து, மழைத் தண்ணீர் அத்தனையும் முற்றத்திலேயே விழுகிறது. தண்ணீர் வெளியே போகாததுபோல் செல்வமும் வெளியே போகாதென்று நம்பிக்கை. நம் ஊர்ப் பழைய வீடுகளின் முற்றத்தில் உட்கார்ந்து மழை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. இரண்டு மூங்கில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தேயிலை போட்ட வெந்நீரும் வந்தது.

வீட்டுக்கார அம்மாள் தன் டெலிபோனில் சீன பாஷையில் பேசினாள். அந்தக் கருவி எங்களிடம் இங்கிலீஷில் பேசியது. வீட்டில் ஆண்பிள்ளைகள் யாருமில்லையா என்று நண்பர் கேட்டதற்கு, கணவன் ஷாங்ஹாயில் வேலை செய்வதாகச் சொன்னாள். இந்தச் சீமையில் அது புதிதல்ல என்றும் சொன்னாள்.

உண்மையில் அது புதிதல்லதான். ஹுயிசௌ என்பது இந்தப் பிரதேசத்தின் பழம் பெயர். மலைக்குக் கிடைத்த கீர்த்தியைக் கருதி 1987-இல் ஹுவாங்ஷான் என்று மாற்றினார்கள். எங்கு பார்த்தாலும் மலை. உழுவதற்கு நிலம் சொற்பம். ஆகவே மிங், சிங் வம்சங்களின் காலத்தில் ஹுயிசௌ ஆண்கள் வியாபாரத்துக்காக வெளியேறினார்கள். உப்பு, தேயிலை, மரம், அடகுக் கடை எல்லாவற்றிலும் அவர்கள் கைதான். உப்பு வியாபாரத்தில் பெரும் பணம் சம்பாதித்து ஊருக்கு அனுப்பிக் கட்டியவைதான் இந்த வீடுகளெல்லாம். காலையில் பார்த்த செங்ஜி மண்டபமும் ஓர் உப்பு வியாபாரி 1855-வாக்கில் கட்டியதுதான். அதில் ஓர் உத்தரம் முழுவதும் தீபத் திருவிழாவில் குழந்தைகள் கூத்தாடுவதாகச் சித்திர வேலை. ஒரு பிள்ளை மேளம் தட்டுகிறான். ஒரு பிள்ளை விளக்குத் தூக்குகிறான்.

அந்தப் பிள்ளைகள் எத்தனை வயதில் வெளியூர் போனார்கள் என்பதை வீட்டுக்கார அம்மாளே சொன்னாள். போன ஜன்மத்தில் புண்ணியம் செய்யாதவன் ஹுயிசௌவில் பிறப்பான் என்றும், பதின்மூன்று பதினான்கு வயதானதும் வெளியே வீசியெறியப்படுவான் என்றும் அங்கே ஒரு வழக்கு உண்டாம். கருவி அதை உணர்ச்சியில்லாத குரலில், ரெயில் நேரம் அறிவிப்பதுபோல் சொல்லி முடித்தது. அம்மாள் உள்ளே போய்விட்டாள்.

மழை முற்றத்துக் கல்லில் விழுந்துகொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து நண்பர், "பம்பாயிலிருந்து மூன்று கடுதாசி போட்டேனே, அதெல்லாம் வந்ததா?" என்று கேட்டார்.

வந்தன. மூன்றும் நீல நிற இன்லண்டு கடிதங்கள். முதலாவதில் பம்பாய் ரெயில்களின் வேகத்தைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டாவதில், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் என்ன பாடம் நடக்கிறது, அல்ஜீப்ராக் கணக்குகளைப் பார்த்து எழுதி அனுப்பு, கடை சாத்திய பிறகு போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். மூன்றாவதில் மூன்றே வரிகள்தான்.

"வந்தது" என்றோம்.

"பதில் போடவில்லையே?"

பரீட்சை இருந்தது என்று சொன்னோம். அப்பா கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் படிப்புக் கெட்டுவிடும் என்றார் என்றும் சொன்னோம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் அந்த முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு அவற்றைச் சொன்னபோது நமக்கே போதாமல் இருந்தது. ஆகவே மற்றதையும் சொன்னோம். எட்டாம் வகுப்பு வரையில் அவர் முதலாவது, நாம் இரண்டாவது. அவர் ரெயிலேறிய வருஷம் காலாண்டுப் பரீட்சையில் நாம் முதலாவதாக வந்தோம். அந்தக் கணக்குகளை எழுதி அனுப்பினால், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நம்மைவிடச் சீக்கிரமாக அவர் அவற்றைப் போட்டுவிடுவார் என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நமக்கு இஷ்டமில்லை.

நண்பர் நம்மைப் பார்க்கவில்லை. தண்ணீர் போகும் மடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம் தபால்காரன் வரும் நேரத்துக்குக் கடை வாசலில் வந்து நிற்பேன். முதலாளி திட்டுவார்" என்றார். பிறகு, "மழை விட்டிருக்கிறது. கடைவீதிக்குப் போய் ஏதாவது சாப்பிடுவோம்" என்று எழுந்தார்.

மறு நாள் காலையில் பை கட்டும்போது நம்முடைய புத்தகங்கள் இரண்டையும் நம் கட்டிலின்மேல் கொண்டுவந்து வைத்தார். "இனிமேல் இதை நீயே சுமந்துகொண்டு வா, வாத்தியாரே" என்றார். சுமந்துகொண்டு வந்தோம்.

போகிற வழியில் தங்யுவே என்ற கிராமத்தில் இறங்கினோம். வயல் நடுவில் ஏழு கல் தோரண வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. மூன்று மிங் காலத்தவை, நான்கு சிங் காலத்தவை. அவற்றில் இரண்டு, கணவனை இழந்த பிறகு மறுமணம் செய்யாமல் வீட்டைக் காத்த பெண்களுக்காக எழுப்பியவை. நண்பர் ஏழையும் எண்ணி, கல்லைத் தட்டிப் பார்த்து, "இதை நிறுத்தின செலவில் அந்த அம்மாளுக்கு உயிரோடு இருக்கும்போதே எவ்வளவோ செய்திருக்கலாம்" என்றார்.

அன்று மாலை துன்ஷியின் பழைய கடைவீதியில் அவர் மைக்கட்டிகளை விலை பேசிக்கொண்டிருந்தபோது, நாம் ஒரு படத் தபால் அட்டை வாங்கினோம். ஹோங்சுனின் அரைச் சந்திரக் குளம் அச்சிட்டது. தபாலாபீஸ் கவுண்டரில் நின்றுகொண்டு அவருடைய மும்பாய்க் கடை விலாசத்தை எழுதினோம். எழுதுவதற்கு இடம் சிறிதாக இருந்தது. என்ன எழுதினோம் என்பதை இங்கே சொல்வதாக இல்லை. கடைசியில் ஒரே ஓர் அல்ஜீப்ராக் கணக்கை எழுதி, விடை கேட்டிருந்தோம். எவ்வளவு தபால் தலை ஒட்டுவதென்று தெரியாமல், கைக்கு வந்ததையெல்லாம் ஒட்டிப் பெட்டியில் போட்டோம். நண்பரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் யீவூவுக்குத் திரும்பினார். நாம் ஊர் வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடம் திறந்தது. ஜூலை மாதத்தில் ஒரு நாள் மூன்றாம் பீரியடு முடிந்து வெளியே வரும்போது டெலிபோன் மணி அடித்தது.

"கடுதாசி வந்தது" என்றார் நண்பர். பின்னால் மஸ்ஜித் பந்தரின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. "எக்ஸ் ஏழு. தபால் தலை இரண்டு மடங்கு ஒட்டியிருக்கிறாய். உனக்குக் கணக்கு இன்றைக்கும் வரவில்லை."